சுருக்கம் வேறு, கதைப்பின்னல் வேறுங்க

கேள்வி: மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு சிறுகதையைக் கொடுத்து அதன் கதைப்பின்னல், கரு, பின்புலம், பாத்திரம் பற்றி எழுதச் சொன்னால், நான்குக்கும் கதைச் சுருக்கத்தையே மாற்றி மாற்றி எழுதி வைக்கிறாள். வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது? (காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மகள், அந்த அம்மணி மேல் தப்பில்லைங்க. இந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஒரு கதையைக் கையில் வைத்துப் பிரித்துக் காட்டுவதில்லை. உங்கள் ஊருக்குத் தோதாக ஒரு சின்னக் கதை சொல்கிறேன்.

அப்பாரு (தாத்தா) ஒருவர் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்த் தன் காளையை விற்றுவிட்டு வந்தார். ஆனியில் பேரன் காலேஜில் சேர்ந்தான். நடந்தது நடந்த வரிசையில் இருக்கிறது. இது கதை. கிணறு வற்றியது, உழவு நின்றது, பீஸ் கட்டப் பணமில்லை, அதனால் காளை போனது என்று ஒன்றை ஒன்று இழுத்து வரும்போதுதான் பின்னல் விழுகிறது. வரிசையை மாற்றும் உரிமையும் எழுதுகிறவருக்கு உண்டு. காலியான கட்டுத்தரையில் தொங்கும் கயிற்றைக் காட்டித் தொடங்கி, காளை எங்கே என்று நம்மைத் தேடவிட்டு, சந்தையைக் கடைசியில் சொல்லலாம். கதை அதேதான், பின்னல் வேறு. அம்மணியின் பதிலில் 'பிறகு', 'அப்புறம்' என்றே வந்துகொண்டிருந்தால் அது சுருக்கம். 'அதனால்', 'இதை முதலில் மறைத்து' என்று வரத் தொடங்கினால் சரியான தடத்தில் போகிறாள்.

கருவுக்கு 'பாசம்', 'வறுமை' என்று ஒற்றைச் சொல் எழுதினால் மார்க் போடக் கை வராது. முழு வாக்கியமாக வேண்டும், அதில் காளையும் அப்பாருவும் வரக் கூடாது: 'பிள்ளைகளை மேலே ஏற்றிவிட முந்தைய தலைமுறை தன் அடையாளத்தையே விலையாகக் கொடுக்கிறது.'

இங்கே இன்னொரு சிக்கல். தொல்காப்பியத்தில் படிக்கும் 'கருப்பொருள்' இந்தக் கரு அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். உங்கள் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, நினைத்துப் பாருங்கள்: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேயும் மாடு. முதற்பொருளும் கருப்பொருளும் சேர்ந்ததைத்தான் இன்று பின்புலம் என்கிறோம். நாம் கதைக்கரு என்பதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய மன உணர்வும் ஒழுக்கமும். பெயர் ஒன்றாக இருப்பதால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் வழுக்கிவிடுகிறார்கள்.

பின்புலம் என்றதும் ஊர்ப்பெயரை எழுதி முடித்துவிடக் கூடாது. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் எழுதிய 'நாகம்மாள்' நம் கொங்குக் கிராமத்து நாவல். கணவனை இழந்தவள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்த நிலத்தை எடுத்துவிட்டால் சண்டையே இல்லை, நாவலும் இல்லை. இந்த இடம் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பாத்திரத்துக்கு 'நல்லவர்', 'கெட்டவர்' வேண்டாம். அவர் செய்த ஒரு காரியம், பேசிய ஒரு பேச்சு, அதிலிருந்து தெரியும் குணம். அவ்வளவு போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, நோக்குநிலை. யார் கண் வழியாகக் கதை தெரிகிறது என்பது. பேரன் சொன்னால் அப்பாருவின் மனசுக்குள் அவனால் நுழைய முடியாது. துண்டால் முகத்தைத் துடைத்ததைத்தான் சொல்ல முடியும். இதைப் பாடமாக நடத்த வேண்டாம். காளையை வாங்கிப்போன வியாபாரி சொல்வதுபோல அதே கதையை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு அது பல்லும் சுழியும் பார்த்துப் பேரம் பேசி வாங்கிய உருப்படி. அப்பாரு முகம் துடைத்தது இதில் எங்கே போச்சு என்று அம்மணியே கேட்பாள்.