இசையமைப்பு மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவில், செய்ததை ரத்து செய்யும் கண்ட்ரோல்+இசட் ஒரு படிக்கு மேல் பின்னால் போகவில்லை என்றால்

கண்ட்ரோல்+ஆல்ட்+இசட் அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு படி பின்னால் போகும்.

கண்ட்ரோல்+இசட்டை முதல் முறை அழுத்தியதும் நீங்கிய நோட் (இசைச் சுரம்), இரண்டாம் முறை அழுத்தினால் திரும்ப வந்து நிற்கிறதா? அது கோளாறு இல்லை. அப்படி நடக்கும் அமைப்பில் கண்ட்ரோல்+இசட் கடைசி மாற்றத்தை மட்டும் எடுக்கும், அடுத்த அழுத்தலில் திரும்பப் போடும். ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் கேட்க இது அருமையான வசதி. ஆனால் பழக்கமில்லாதவரை நிச்சயம் குழப்பும்.

நிரந்தரமாக மாற்ற: எஃப்10 அழுத்தினால் வரும் அமைப்புகளில் ஜெனரல் பக்கம், அங்கே ‘ஆல்டர்னேட் அண்டூ மோட்’. அதை ஆன் செய்தால் இரண்டு குறுக்குவழிகளும் இடம் மாறிக்கொள்ளும்.

அப்புறம், எஃப்எல் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் பிரவுசர் பகுதியில் ‘கரண்ட் ப்ராஜெக்ட்’ அடியில் ‘ஹிஸ்டரி’யைத் திறந்து பாருங்கள். நீங்கள் செய்த மாற்றங்கள் வரிசையாக இருக்கும். நாப் (திருகு குமிழ்) திருப்பியது அதில் வரவில்லையா? அதே ஜெனரல் பக்கத்தில் ‘அண்டூ நாப் ட்வீக்ஸ்’ ஆஃபில் இருக்கலாம். வெளி பிளகின்களுக்குள் (பிறர் தயாரித்த துணை மென்பொருள்களுக்குள்) செய்த மாற்றங்களை மட்டும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள். சில பிளகின்கள் எஃப்எல் ஸ்டுடியோவுக்கு எதையும் தெரிவிப்பதே இல்லை.

ஒன்றில் கவனம்: பத்துப் படி பின்னால் போய், அங்கே ஒரே ஒரு நோட்டை நகர்த்தினாலும் போதும், அதற்குப் பிந்தைய பத்துப் படிகளும் போய்விடும். அதனால் பின்னால் போவதற்கு முன்பே கண்ட்ரோல்+என் அழுத்திப் புதிய பதிப்பாகச் சேமித்துவிடுங்கள்.