வகுளாபரணம் தெரிந்தால் கிளெஸ்மர் வருமா?

கேள்வி: பத்து வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையைக் கேட்டால் நம் வகுளாபரண ராகம் போலவே இருக்கிறது. நானாகவே வாசித்துப் பழகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அவர்கள் ‘ஃப்ரெய்கிஷ்’ என்று சொல்லும் ஸ்வர வரிசைக்கும் வகுளாபரணத்துக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. அவர்களின் இன்னொரு வரிசை அப்படியே நம் ஹேமவதி ராகம். இதை நம்பி நானும் ஆறு மாதம் சாதகம் செய்தேன். பிறகு ஒரு கிளெஸ்மர் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். “அழகாக இருக்கிறது. இதற்கு யார் ஆடுவார்கள்?” என்றார்.

கிளெஸ்மர் என்றால் முதலில் வாத்தியக்காரர். இசைக்கே அந்தப் பெயர் நிலைத்தது 1970களின் பிற்பகுதியில்தான். அவர்கள் பிழைப்பு கல்யாண வீட்டில். மணப்பெண்ணை உட்கார வைத்து, ‘பத்கன்’ என்பவர் எதுகையோடு புத்தி சொல்ல, வயலின் அவளை அழ வைக்க வேண்டும். அப்புறம் ஆட்டம். ருமேனிய வழி வந்த ‘ஹோரா’ ஆட்டத்தில் மூன்று எண்ணிக்கை; இரண்டாவதில் அடி விழாது. ஒன்று... மூன்று, ஒன்று... மூன்று. நாம் திஸ்ரம் என்று சமமாகத் தட்டிவிடுகிறோம். அது நொண்ட வேண்டும். எழுந்து நடந்து பாருங்கள், புரியும்.

அடுத்தது ‘க்ரெக்ட்ஸ்’. முனகல் என்று பொருள். ஸ்வரம் முடியும் இடத்தில், மேலே ஒரு விரல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் உரச, வில்லைச் சட்டென்று நிறுத்த வேண்டும். அழுபவர் தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். கமகமாக வழுக்கினால் போச்சு! எனக்கு இன்னமும் பாதி நாள் வழுக்குகிறது.

யாரைக் கேட்பது? 1920இல் ஏப் ஷ்வார்ட்ஸ், மகள் பியானோ வாசிக்க, நியூயார்க்கில் பதிவு செய்த வயலின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அதே பத்தாண்டில் நஃப்துலே பிராண்ட்வைனின் கிளாரினெட். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம் என்பதால் எல்லாம் சுருக்கம். கல்யாணத்தில் அவ்வளவு சீக்கிரம் யார் விடுவார்கள்? மெட்டுகளுக்கு மொய்சேய் பெரெகோவ்ஸ்கியின் தொகுப்பைத் தேடுங்கள். கீவ் நகரில் மெழுகு உருளைகளில் பதிந்து சேகரித்தவர். 1950இல் அவரைக் கைது செய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பினார்கள். தொலைந்ததாக நினைத்த உருளைகள் 1990களில் கீவ் நூலகத்திலேயே வெளிப்பட்டன.

ஒன்று மறந்துவிட்டேன். ஸ–ப–ஸ–ப சுருதி இதற்கு உதவாது. மேற்கத்திய முறையில் ஜி–டி–ஏ–ஈ என்று கூட்ட வேண்டும். தினமும் மாற்றி மாற்றி முறுக்கினால் கம்பி அறுந்துபோகும். மலிவாக இன்னொரு வயலின் வாங்கிக்கொள்ளுங்கள்.