காதில் இருக்கும் பஞ்சை முதலில் எடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு வருடமாகப் பௌத்தத்தில் ஈடுபாடு. பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் வாங்கிவிட்டேன், எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. திக் நாட் ஹானின் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ நூல் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. தினமும் காலை 4.30 முதல் 6 மணி வரை தியானம் செய்கிறேன். அந்த நேரத்தில் வீட்டில் சத்தம் இருப்பதால் (அம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், விடியற்காலையில்தான் கூப்பிடுவார், மனைவி பார்த்துக்கொள்வாள்) கதவைத் தாழிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அப்படியும் மனம் நிற்கவில்லை. 10 நாள் விபாசனா முகாமுக்குப் போகலாமா? ஆரம்ப நிலையில் இருப்பவன் படிக்க வேண்டிய நூல்களைச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, புத்தகங்கள் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துபோன விஷயத்தைப் பேசியாக வேண்டும்.

தியானம் கைகூடவில்லை, எதைப் படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. அவற்றில் முக்கால்வாசியில் கோளாறு புத்தகத்தில் இருப்பதில்லை, எழுதுகிறவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஏதோ ஒரு வரியில் இருக்கும். உங்கள் கடிதத்தில் அது பஞ்சு. உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்து, தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத ஒரு மனுஷி, இருட்டோடு எழுந்து, பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத்தான் இருக்கும், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிறார், பிள்ளை அந்தக் குரல் கேட்கக் கூடாது என்று காதை அடைத்துக்கொண்டு கருணையைப் போதித்தவரின் வழியில் உட்கார்ந்திருக்கிறார். மனம் நிற்கவில்லை என்கிறீர்கள். எப்படி நிற்கும்? கதவுக்கு அந்தப் பக்கம் யார் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. மனம் போகும் இடத்துக்குக் காலும் போயிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

‘மனைவி பார்த்துக்கொள்வாள்.’ இந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார், வேலைக்குப் போகிறாரா, தூக்கம் போதுமா, ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் தியான நேரம் மட்டும் நிமிடக் கணக்கில் இருக்கிறது. மாமியாரைப் பார்ப்பது மருமகளின் வேலை என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்லலாம், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் உங்கள் அம்மா. உங்கள் மனைவி செய்வது பெரிய உதவி, உங்களுடையது கடமை.

சரி, நீங்கள் பாதியில் விட்ட அந்த நூலுக்கு வருவோம். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே கிராமங்களில் சேவை செய்த இளைஞர்களுக்காக வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் கடிதமாக எழுதியது அது. அதன் ஆரம்பத்திலேயே குழந்தை குட்டியோடு திண்டாடும் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, மிச்சம்தான் என் நேரம் என்று பிரித்துக்கொண்டிருந்தவர், அவர்களோடு இருக்கும் நேரத்தையும் தன் நேரமாகவே எண்ணத் தொடங்கியதாகச் சொல்கிறார். அந்தப் பக்கங்களை நீங்கள் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். திரும்பப் போய் நிதானமாகப் படியுங்கள்.

நள்ளிரவில் மனைவி மக்களை விட்டுப் போனவர்தானே புத்தர் என்று நீங்கள் கேட்கலாம், நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ படியுங்கள், பெரியார்தாசன் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. அம்பேத்கர் 1956 டிசம்பரில் காலமானார், மூல நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அதில் சித்தார்த்தர் யாருக்கும் தெரியாமல் ஓடவில்லை. தன் குலமான சாக்கியருக்கும் பக்கத்துக் குலமான கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரில் மூண்ட தகராறில் போர் வேண்டாம் என்று நின்றதால் துறவு பூணுகிறார், பெற்றோரிடமும் மனைவி யசோதரையிடமும் எடுத்துச் சொல்லிவிட்டே போகிறார். பழைய மரபுக் கதை வேறு மாதிரி சொல்கிறது, அதையும் படியுங்கள். ஆனால் அந்த மரபிலேயே இன்னொன்றும் இருக்கிறது: பேரன் ராகுலனும் துறவியானதும் புத்தரின் அப்பா சுத்தோதனர் மகனிடம் வந்து மன்றாட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று புத்தர் விதி செய்தார்.

பிக்குகளுக்கான, அதாவது பௌத்தத் துறவிகளுக்கான, ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பிடகத்தில் வரும் ஒரு சம்பவத்தை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார், கூட இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தானே தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவிவிடுகிறார், பிறகு இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் செய்யும் தியானத்துக்கே ஆதாரமான சதிபட்டான சுத்தத்திலும் (இங்கே சுத்தம் என்றால் புத்தரின் உரை) இது இருக்கிறது. மூச்சைக் கவனிப்பதோடு அது நிற்பதில்லை. நடப்பது, குனிவது, கை நீட்டுவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது வரைக்கும் விழிப்போடு செய்யச் சொல்கிறது. அம்மாவுக்குப் படுக்கைச் சட்டியை எடுத்து வைக்கும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது, மனதில் எங்கே அருவருப்பு எழுகிறது, அது எவ்வளவு நேரம் இருந்துவிட்டுப் போகிறது என்று கவனியுங்கள். தாழிட்ட அறையில் இதைப் பழக முடியாது.

அப்புறம், சிகாலோவாத சுத்தம், புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தில் 31ஆவது. இல்லறத்தில் இருப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பேன், யாரும் சிபாரிசு செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். சாகும்போது அப்பா சொன்னார் என்பதற்காக ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனிடம், கிழக்கு உன் பெற்றோர், மேற்கு உன் மனைவி மக்கள் என்று புத்தர் சொல்லிக்கொண்டே போகிறார். என்னை வளர்த்தவர்களை நான் தாங்குவேன் என்பது பிள்ளையின் முதல் கடமையாக வருகிறது. கணவனுக்கு உரியதில் முதலாவது மனைவியை மதிப்பது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்மபதம் 423 பாடல்கள்தான், ஒரே மூச்சில் முடிக்காமல் நாளுக்கு நான்கைந்து படியுங்கள், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம். கோட்பாடு புரிய, இலங்கைப் பிக்கு வால்போல ராகுலர் 1959இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘வாட் த புத்தா டாட்’ போதும், சின்னப் புத்தகம், தெளிவானது. நம் மண்ணில் பௌத்தம் எப்படி இருந்தது என்று அறிய மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’. மணிமேகலையை உரையோடு படியுங்கள், ஆனால் 27, 29ஆம் காதைகளில் தர்க்கம் கனமாக இருக்கும், முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் 19ஆம் காதையைத் தாண்டாதீர்கள். வாங்கி வைத்திருக்கும் மற்ற புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், இந்த வருடத்துக்கு இவ்வளவு போதும்.

முகாமுக்கு வருகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா தியான மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், போன் கிடையாது, பேச்சு கிடையாது, புத்தகம் படிக்கவும் விட மாட்டார்கள். நல்ல பயிற்சிதான். இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின் பர்மா அரசில் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர், உங்களைப் போலக் கணக்கு பார்த்தவர்தான். 1969இல் கோயங்கா பர்மாவிலிருந்து வந்ததே, இங்கே உடல்நலமில்லாமல் இருந்த தன் அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத்தான். மும்பையில் நடந்த முதல் முகாமில் அவருடைய அப்பா அம்மா இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்காக ஒரு மகன் கொண்டுவந்ததை, அம்மாவிடமிருந்து தப்பிக்க எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக் காலை 4.30க்கு எழுந்ததும் நேராக அம்மாவின் அறைக்குப் போங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும், எப்படிப் புரட்டுவது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மகன் தொட்டுச் சுத்தம் செய்ய அம்மா கூச்சப்பட்டால் அதை மட்டும் உங்கள் மனைவியோ ஒரு உதவியாளரோ செய்யட்டும், சட்டி கழுவுவது, துணி அலசுவது, புரட்டுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நீங்கள் செய்யலாம். அம்மா திரும்பத் தூங்கிய பிறகு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்காருங்கள், கதவு திறந்திருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் வேண்டாம்.

முகாமுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால், உங்கள் மனைவியை அவர் அம்மா வீட்டுக்கு 10 நாள் அனுப்பி வையுங்கள். அந்தப் 10 நாளும் ஆபீசுக்கு லீவு போட்டு, பகலும் இரவும் அம்மாவை நீங்கள் ஒருவரே பாருங்கள். அவர் திரும்பி வந்ததும், நான் 10 நாள் போகட்டுமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.