பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘டிஸ்பிளேசியா’... கையில் காப்பீடு இல்லை!

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, தையல்காரர். தீராத வயிற்றெரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்து சதை எடுத்தார்கள். ‘இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா, லோ கிரேடு டிஸ்பிளேசியா, ஹெச். பைலோரி பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது புற்றுநோயா? இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. இப்போது எடுத்தால் உதவுமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: புற்றுநோய் இல்லை. ஆனால், ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது.

ஹெச். பைலோரி கிருமி பல வருடங்கள் இரைப்பையைப் புண்ணாக்கும்போது, உள்தோல் குடலின் தோலைப்போல மாறிவிடுகிறது. அதுதான் மெட்டாபிளேசியா, பெரும்பாலானவர்களுக்கு இது புற்றுநோயாக மாறுவதே இல்லை. டிஸ்பிளேசியா அதற்கு அடுத்த படி. செல்களின் வடிவமே மாறத் தொடங்கியிருக்கிறது. ‘லோ கிரேடு’ என்றால் அந்த மாற்றம் குறைந்த அளவில் இருக்கிறது என்று பொருள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: கிருமியால் அழற்சி அதிகமாக இருந்தால், சாதாரண செல்லும் மைக்ராஸ்கோப்பில் டிஸ்பிளேசியா போலவே தெரியும். அதனால் இரண்டாவது நோயியல் நிபுணர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பரிசோதித்த லேபில் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி) எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், தருவார்கள். மறுபடி சதை எடுக்காமலே அவற்றை வைத்துப் பார்த்துவிடலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது. அவற்றோடு அங்கே போங்கள்.

கிருமிக்கான மாத்திரை பொதுவாக 14 நாள். எரிச்சல் அடங்கியதும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். பிஸ்மத் மாத்திரை சேர்ந்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அது இல்லாமலே தார்போல் கறுத்துப் போனாலோ, எடை குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்கக் கூடாது. மாத்திரை முடிந்து 4 வாரம் கழித்து மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் வகை மாத்திரையை டாக்டரிடம் சொல்லி நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம்.

டிஸ்பிளேசியா உறுதியானால், தெளிவான கேமரா உள்ள எண்டோஸ்கோப்பில் நிதானமாக மறுபடி பார்க்க வேண்டும். மேடு, பள்ளம் எதுவும் தென்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகவே அதை எடுக்க முடிகிறது. எதுவும் தெரியாவிட்டால் வெவ்வேறு இடங்களில் சதை எடுத்து, ஓர் ஆண்டில் மீண்டும் பார்ப்பார்கள். இந்த நிலையில் பெட் ஸ்கேன் தேவைப்படாது, அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

இனி பணம். தனியார் பாலிசி எடுக்கும்போது இந்த ரிப்போர்ட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படும். சொன்னாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே, முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் போதும். பிரீமியம் கிடையாது, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று ஒதுக்கவும் மாட்டார்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் கணவர் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பார்த்துத் திருத்திவிடுங்கள்.