புதுப் பாட்டை எங்கே தேடுவது? இண்டி ராக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு எப்படியோ பாட்டுக்கு வந்துவிடும். 30 வருடமாக ராக் இசையைத் தேடித் தேடிக் கேட்கிறவன் என்பதால் கேள்விகள் என் பக்கம் திரும்பும். நின்றபடியே பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதித் தரச் சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அண்ணா, இண்டி என்றால் இந்தியன் என்பதன் சுருக்கமா? எங்கள் பாட்டி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இல்லை தங்கச்சி. ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம். பெரிய கம்பெனியின் பணத்தை எதிர்பார்க்காமல் தாங்களே பதிவு செய்து, தாங்களே வெளியிடுவது. 1977 தொடக்கத்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு வேண்டியவர்களிடம் கடன் வாங்கி நாலு பாட்டுள்ள ஒரு சின்ன இசைத்தட்டைத் தாங்களே கொண்டுவந்தது. நம்மாலும் முடியும் என்று நிறையப் பேருக்குத் தைரியம் வந்தது அப்போதுதான். சொந்தக் காலில் நிற்கிற பிள்ளைகள் என்று பாட்டியிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

ஸ்பாட்டிஃபை எனக்கு ஒரே மாதிரிப் பாட்டையே திரும்பத் திரும்பத் தருகிறது. புதிதாக எதுவும் வருவதில்லை. என்ன செய்வது? (பீனிக்ஸ், கல்லூரி மாணவி)

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் குறையும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘டிஸ்கவர் வீக்லி’ என்று 30 பாட்டுகள் வருகிறதே, அந்தப் பட்டியலை 2015-இல் தொடங்கினார்கள். உலகம் முழுக்க ஆட்கள் போட்டுவைத்திருக்கும் ப்ளேலிஸ்ட்களில் எந்தப் பாட்டு எதனோடு சேர்ந்து இருக்கிறது என்று பார்த்து, நீங்கள் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பாட்டை எடுத்துத் தருவதுதான் அதன் வேலை. பக்கத்து வீட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்கு நாம்தான் நடந்துபோக வேண்டும்.

நான் போகும் வழி இது. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் பாடியவரை விட்டுவிட்டு, சுற்றி இருப்பவர்களைப் பார்ப்பேன். வெளியிட்ட லேபிள், அதாவது இசைக் கம்பெனி, எது? சின்ன லேபிளை நடத்துவது பெரும்பாலும் நாலைந்து பேர். அவர்கள் காதுக்குப் பிடித்த ஒன்று நமக்கும் பிடித்திருந்தால் மற்றதும் பிடிக்க வாய்ப்பு அதிகம். 1981-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய ஃப்ளையிங் நன் லேபிளை நான் இப்படித்தான் பிடித்தேன். தி கிளீன் என்ற ஒரே குழுவில் ஆரம்பித்து ஒரு வருடம் முழுக்க அந்த ஒரு லேபிளின் பாட்டுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்து, தயாரித்தவர் யார், டிரம்ஸ் வாசித்தவர் வேறு எந்தக் குழுவில் இருக்கிறார், கச்சேரியில் இவர்களுக்கு முன்னால் மேடை ஏறியது யார் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அதைவிட நல்ல இடம், குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம். அங்கே ஒரு ஆல்பத்தின் பக்கத்தில், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சிறிய படங்கள் இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கிவைத்திருக்கும் மொத்தச் சேகரிப்பும் திறக்கும். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு அலமாரி முன்னால் நின்று புரட்டிப் பார்ப்பது மாதிரி. ஊர்ப் பெயரை வைத்தும் தேடலாம். முதலில் டர்பன் என்று போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுக் குழுக்களில் எதிலிருந்து தொடங்கலாம்? (டோங்காட்)

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. லண்டன், நியூயார்க் என்று தேடுகிற பிள்ளைகளுக்கு ஜோஹனஸ்பர்க் தெரிவதில்லை.

காதுக்கு இதமாக வேண்டும் என்றால் கேப் டவுனின் பீட்டன்பெர்க் குழு. 2014-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் கிட்டார் நூல் நூற்பது போல மெலிதாக ஓடும். கொஞ்சம் முரட்டுத்தனம் தாங்குவீர்கள் என்றால் பிளாக் ஜாக்ஸ். ஆங்கிலத்தில் BLK JKS என்றுதான் பெயரை எழுதுவார்கள், தேடும்போது அப்படியே போடுங்கள். 2009-இல் அவர்களின் முதல் முழு ஆல்பம் வந்தது. இரண்டாவதற்குப் பதிவு செய்து வைத்திருந்த ஹார்ட் டிரைவ் திருடுபோய், மறுபடி முதலிலிருந்து வாசித்து 2021-இல் வெளியிட்டார்கள். இரண்டையும் கேளுங்கள். சொவேட்டோவின் அர்பன் வில்லேஜ், ஷோசா மொழியில் பாடும் போங்கெசிவே மபண்ட்லா இருவரையும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் நேஷனல் வேக் என்று ஒரு குழு இருந்தது. 1979-இல் ஜோஹனஸ்பர்க்கில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து தொடங்கியது. யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று சட்டம் போட்டிருந்த காலம். அந்தச் சட்டம்தான் நம் குடும்பங்களையும் ஊரிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. ஒரே மேடையில் நிற்பதே அவர்களுக்கு ஆபத்து. 1981-இல் ஒரே ஒரு ஆல்பம் வந்தது. சில நூறு விற்பதற்குள் நெருக்கடியால் கடைகளிலிருந்து போய்விட்டது. 2013-இல் அமெரிக்க லேபிள் ஒன்று திரும்ப வெளியிட்ட பிறகுதான் எனக்கே கிடைத்தது. அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழில் இப்படி ஏதாவது இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாகக் கட்டியது. சொல்லும் விஷயம் சாதி. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள், பேச நிறைய இருக்கும். சென்னையின் தி எஃப்16ஸ் ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள், துள்ளலாக இருக்கும்.

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று கவனித்துக் கேட்டு வளர்ந்த காது என்றால் க்ருவாங்பின்னைக் கேட்டுப் பாருங்கள். டெக்சாஸ்காரர்கள், பழைய தாய்லாந்து இசையில் மயங்கிப்போய் ‘ஆகாய விமானம்’ என்பதற்கான தாய் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். மெல்போர்னின் கிளாஸ் பீம்ஸும் அந்த வழிதான்.

டேட்டா விலையில் இவ்வளவு தேட முடியுமா?

வைஃபை உள்ள இடத்தில் ஒரு முழு ஆல்பத்தை இறக்கிவையுங்கள், வாரத்துக்கு ஒன்று போதும். மின்வெட்டு நாட்களில் எனக்குக் கைகொடுத்தது அப்படி இறக்கிவைத்தவைதான். ஒரே ஆல்பத்தை ஏழு நாள் கேட்டால், முதல் நாள் பிடிக்காத பாட்டு ஐந்தாம் நாள் பிடித்துப்போகும்.

நான் அனுப்பும் பாட்டுகளை நண்பர்கள் யாரும் கேட்பதில்லை. மனசு வலிக்கிறது. (வெருலம்)

எனக்கும் வலித்திருக்கிறது. என் சித்தப்பா மகனுக்கு ஆசை ஆசையாக 20 பாட்டுகளை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அவன் காரில் அது உறை பிரிக்காமல் கிடந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த 20-ம் எனக்குப் பிடித்தவை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவில்லை.

அவன் காவடி ஊர்வலத்தில் மேளம் அடிக்கிறவன். அடுத்த முறை பிளாக் ஜாக்ஸின் ஒரே ஒரு பாட்டை அனுப்பி, ‘டிரம்ஸை மட்டும் கவனி, ரெண்டு நிமிஷம் பொறு’ என்று எழுதினேன். அன்று ராத்திரியே போன் செய்தான். ஒரு ஆள், ஒரு பாட்டு, ஏன் என்று ஒரு வரி. பட்டியல் அனுப்பாதீர்கள். கேட்டாயா கேட்டாயா என்று விரட்டவும் வேண்டாம்.

கைமாறிப் போகும் பாட்டுக்கு எவ்வளவு பலம் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாடகர் ராட்ரிகஸ் 1970-இல் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் விற்கவே இல்லை. இங்கே ஒருவர் பதிந்து இன்னொருவருக்குக் கொடுத்து ஊர் ஊராகப் போனது. அவருக்கே அது தெரியாது. 1998-இல் இங்கே வந்து மேடையேறியபோது கூட்டம் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடியது.

மகனுக்கு 15 வயது. கதவைச் சாத்திக்கொண்டு கிட்டார் சத்தத்திலேயே இருக்கிறான். எங்களோடு பேசுவதே இல்லை. என்ன செய்யலாம் தம்பி? (ஒரு அம்மா, கிராஸ்மூர்)

அக்கா, கதவைத் தட்டி சத்தத்தைக் குறை என்று சொல்வதை ஒரு வாரம் நிறுத்துங்கள். கடைக்குப் போகும்போது அவனைக் காரில் முன்சீட்டில் உட்காரவைத்து, ‘உனக்குப் பிடிச்ச ஒரு பாட்டு போடு’ என்று கேளுங்கள். முடியும் வரை பேசாதீர்கள். முடிந்ததும் நல்லா இருக்கு என்று பொய் சொல்ல வேண்டாம். இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். அவன் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டுவான்.

ஈஸ்டருக்கு முடிந்தால் அவனை ஸ்பிளாஷி ஃபென்னுக்குக் கூட்டிப் போங்கள். 1990-லிருந்து அண்டர்பெர்க் பக்கத்தில் ஒரு பண்ணையில் நடக்கிற இசைவிழா, குடும்பமாகக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கம்பளி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன்ஸ்பர்க் அடிவாரத்து ராத்திரிக் குளிர் நம் டர்பன்காரர்களுக்குப் பழக்கமில்லாதது.