“ஒறங்க நேரம் உண்டா அண்ணாச்சி?” – ஒரு நையாண்டி மேளத் தவில்காரர் பதில் சொல்லுதார்

நான் தவில் அடிக்கவன். சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம். எங்க செட்டுல ஏழு பேர்: நாயனம் (நாதஸ்வரம்தான்) ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, தமுக்கு, தாளம் ஒண்ணொண்ணு. கரகாட்டமும் வேணும்னு கேட்டா ரெண்டு பேர் கூட வருவாங்க. இருபத்தாறு வருஷமா திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடின்னு கொடைக்கு, அதான் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, கொட்டப் போயிட்டிருக்கோம். இந்தப் பொழப்பைப் பத்திப் பிள்ளைங்க பல பேர் கேட்டிருந்தீங்க. இப்போ ஒரு வாரம் கொடை இல்லாம வீட்டுல கிடக்கேன், அதான் உக்காந்து எழுதுதேன்.

வள்ளியூர், கல்லூரி மாணவர்: ஒரு கொடைன்னா எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும்? ஒறங்க நேரம் உண்டா அண்ணாச்சி?

செவ்வாய்க்கிழமை கொடைன்னா திங்கக்கிழமை பொழுதுசாயவே ஊர்ல போய் இறங்கிரணும். அன்னைக்கு ராத்திரி சாமியை அழைக்குத குடியழைப்பு. மறுநாள் காலையில தீர்த்தம் எடுக்கப் போகணும், பால்குடம் இருந்தா அதுக்கும் கொட்டணும். அப்புறம் மதியக்கொடை. சாயங்காலம் பொங்கல், முளைப்பாரி. ராத்திரி பன்னெண்டுக்குச் சாமக்கொடை. அது முடிஞ்சு சாமிக்குப் படைச்ச படப்புச்சோறு பிரிக்கும்போது கோழி கூவிரும். புதன் காலையில மிச்சம் மீதி சடங்குக்கும் கொட்டிட்டுத்தான் வண்டி ஏறுவோம். வெள்ளிக்கிழமை வேற ஊர்ல கொடைன்னா நடுவுல ஒரே ஒரு ராத்திரிதான் வீடு.

ஒறக்கம் துண்டு துண்டாத்தான். வில்லுப்பாட்டுக்காரங்க கதை சொல்லுத நேரம் எங்களுக்குப் படுக்குத நேரம். பள்ளிக்கூடத் திண்ணையோ, சப்பரக் கொட்டகையோ, எங்கன இடம் கெடச்சாலும் சரி. வில்லுல சாமியை வரவழைக்குத வரத்துப் பாடத் தொடங்கினா யாரும் எழுப்பாமலே முழிப்பு வந்துரும். எங்க பம்பைக்காரருக்கு மட்டும் வராது. அவரு காலைப் பிடிச்சு இழுக்கணும்.

பெங்களூரு, சொந்த ஊர் பாளையங்கோட்டை: நான் ஜாஸ் நிறைய கேப்பேன். சின்ன ஜாஸ் குழுக்கள் ஊர் ஊராப் போய் வாசிக்கிறதும் உங்க வாழ்க்கையும் ஒண்ணுபோலத் தெரியுதே?

உங்களை மாதிரி ஒரு தம்பி எனக்கும் போன்ல போட்டுக் காட்டினார். முதல்ல எல்லாரும் சேந்து ஒரு மெட்டு வாசிக்காங்க. அப்புறம் அந்த மெட்டோட சுத்தைக் கீழ ஓட விட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா மேல ஏறி விளையாடுதாங்க. டிரம்ஸ்காரரும் சாக்ஸபோன்காரரும் நாலு நாலு கணக்கா மாத்தி மாத்திக் கேள்வி கேட்டுக்கிடுதாங்க. இது எங்களுக்குப் புதுசு இல்ல. ரெண்டு தவிலுக்கும் நடுவுல நாங்களும் அப்படித்தான் சவால் விட்டுக்கிடுவோம்.

இன்னொரு சேதியும் அந்தத் தம்பிதான் சொன்னார். சார்லி மரியானோன்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர், 1923-ல பாஸ்டன்ல பிறந்தவர், சார்லஸ் மிங்கஸ் குழுவுல வாசிச்சவர். அவரு இந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் கத்துக்கிட்டு, அதைத் தன் ஜாஸ் தட்டுகள்லயும் வாசிச்சாராம். 2009-ல இறந்துட்டார். அந்த ஊதலைக் கேட்டேன். நம்ம நாயனக்காரர் மாதிரி இல்ல. ஆனா வாயில வச்சு ஊதுத சீவாளியோட மல்லுக்கட்டுத சத்தம் அப்படியே இருந்துச்சு. அந்தப் பாடு யாருக்கும் பொதுதான் போல.

ஒரு வித்தியாசம் உண்டு. அவங்க முன்னால உக்காந்திருக்கவங்க பாட்டுக் கேக்க வந்தவங்க. எங்க முன்னால நிக்கவங்க சாமி பாக்க வந்தவங்க.

ஆலங்குளம்: சாமியாடுத கோமரத்தாடிக்குச் சாமி வரதுக்கும் உங்க கொட்டுக்கும் என்ன சம்பந்தம்? கொட்டினா சாமி வந்துருமா?

நெறைய பேர் கேட்டது இதைத்தான். வருமா வராதாங்கது என் சோலி இல்ல. வரும்போது என் கை அங்கன இருக்கணும், அதுதான் என் சோலி.

நான் கோமரத்தாடி மூஞ்சியைப் பாக்க மாட்டேன். மூஞ்சியை ஊரே பாக்கு. நான் காலைப் பாப்பேன். தாமிரபரணிக் கரையில ஒரு ஊர்ல சுடலைமாடன் கொடை. அதுக்கு முந்தின வருஷம்தான் பழைய கோமரத்தாடி தவறியிருந்தார். மகன் அன்னைக்குத்தான் முதல் தடவையா கச்சை கட்டி நிக்கான். இருபத்திரண்டு, இருபத்து மூணு வயசு இருக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கவன். வேர்த்து ஊத்துது, ஆனா ஒண்ணும் வரல. சுத்தி நிக்க கூட்டம் முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டு. மூணு மூணா எண்ணுத திஸ்ர நடையில பைய தொடங்குனவன் அதையே விடாம அடிக்கேன். பக்கத்துத் தவில் என் மச்சினன். கூட்டிருவோம்னு கண்ணைக் காட்டுதான். நான் மாட்டேன்னுட்டேன். சாமி வராத உடம்பை வேகமா அடிச்சு விரட்டினா அந்தப் பையன் நடிக்கத்தான் செய்வான். அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கோயில் வாசல்ல நிக்க மாட்டான்.

முக்கால் மணி நேரம் இருக்கும். வலது கால் பெருவிரல் மணலைத் தோண்ட ஆரம்பிச்சுது. தாளத்துல இல்ல, அதுபாட்டுக்குத் தோண்டுது. கொஞ்ச நேரத்துல குதிகால் தாளத்துல வந்து விழுந்துச்சு. அப்போதான் மச்சினனைப் பாத்துத் தலையை ஆட்டினேன். நாயனம் மேல ஏறிச்சு, பம்பை சேந்துச்சு, பையன் தோள் குலுங்கினதுதான் தெரியும். மூணு பேர் பிடிச்சும் நிக்கல.

அந்தக் கொடையில நடுச்சாமத்துல சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும். நாங்க ஊர் எல்லை வரைக்கும்தான் போவோம். அங்கன கொட்டை நிப்பாட்டிரணும். பந்தத்தோட நாலஞ்சு ஆம்பளைங்க மட்டும் கூடப் போவாங்க. நாங்க ஏழு பேரும் இருட்டுல, தோள்ல வாத்தியம் தொங்க, பேச்சு மூச்சு இல்லாம நிப்போம். தூரத்துல பந்தம் திரும்புத வெளிச்சம் தெரிஞ்ச அந்தக் கணமே கொட்டு விழணும். இருபத்தாறு வருஷமாச்சு, இன்னைக்கும் அந்த நேரத்துல எனக்குக் கை வேர்க்கும்.

அம்பாசமுத்திரம்: சாரல் நேரத்துல தவில் என்ன ஆகும்?

தொய்ஞ்சு போகும். ஆடி, ஆவணியில தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கொடைன்னா எனக்கு முதல் கவலையே அதுதான். முந்தி வாரால இழுத்துக் கட்டுன தவில். ஈரத்துல இளகினா தீ மூட்டி வாட்டி எடுக்கணும். இப்போ இரும்பு வளையம், போல்ட்டு நட்டு. ஸ்பேனரை மடியில வச்சிருந்தா நின்ன நிலையில முடுக்கிக்கிடலாம். பலாமரக் கட்டை மட்டும் மாறல.

ஈரம் தோலைவிடக் கூட்டைத்தான் கெடுக்கும். வலது கை விரல்ல நாங்க மாட்டுதது தொப்பி மாதிரி இருக்கும்லா, அதுக்குக் கூடுன்னு பேர். துணி நாடாவை விரல்ல சுத்திச் சுத்திப் பசை தடவிக் காய விடணும். காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும். மழையில நனைஞ்சா இட்லி மாதிரி. அதனால ரெண்டு ஜோடி எப்பவும் பையில கிடக்கும். இடது கைக்குப் பூவரசங் கம்பு, அது எந்த மழைக்கும் அசையாது.

நாயனக்காரர் பாடு நேர் எதிர். சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுக் காத்து சீவாளியை உலத்திப் போட்டுரும். அவரு பேசவே மாட்டார். வாயில சீவாளி ஊறிக்கிட்டிருக்கும். கோவக்காரர்னு ஊர்ல நினைப்பாங்க.

தூத்துக்குடி: வருமானம் கட்டுபடியாகுமா?

சீசன்ல ஆகும், மத்த நாள்ல ஆகாது. வெத்தலைபாக்கு வச்சு அட்வான்ஸ் தருவாங்க. மிச்சம் கொடை முடிஞ்சு. வண்டி வாடகையை முதல்ல எடுத்து வச்சிட்டு மீதியைப் பங்கு போடுவோம். நாயனத்துக்கும் தவிலுக்கும் ஒரு பங்கு, மத்தவங்களுக்கு முக்கால். நான் செட்டுக்காரன்னு கூடுதலா எடுக்கதில்ல, ஆனா வண்டி பஞ்சரானா காசு என் கையில இருந்துதான் போகும்.

சித்திரை, வைகாசி, அப்புறம் ஆடி, ஆவணி. இதுதான் எங்க வருஷம். மார்கழியில நான் பெயிண்ட் அடிக்கப் போவேன். வீட்டுல பீடி சுத்துதாங்க. வருஷம் முழுக்க நிக்காம வார காசு அதுதான், என் தவில் இல்ல.

ஒரு ஊர்ல, பேரு வேண்டாம், வில்லுப்பாட்டு நீண்டுபோச்சு, மேளம் கம்மியாத்தான் அடிச்சீங்கன்னு சொல்லிப் பேசுன தொகையில ஆயிரத்தைக் குறைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை வேளை கொட்டணும்னு தாள்ல எழுதி வாங்கிருதேன். 2020-ல அதுவும் உதவல. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்கு அட்வான்ஸ் வாங்கி வச்சிருந்தோம். மார்ச் 24 ராத்திரி ஊரடங்குன்னு சொல்லிட்டாங்க. வாங்குன அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கதுக்கு ஒரு தவிலை வித்தேன்.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல பதிவு பண்ணாதவங்க பண்ணிருங்க. அட்டை கையில இருந்தா ஒரு நாள் உதவும்.

தென்காசி: இப்போ எல்லாக் கோயிலுக்கும் கேரளாவிலிருந்து செண்டை மேளம் கொண்டுவாராங்களே. வருத்தம் உண்டா?

உண்டு. ஆனா அவங்க மேல இல்ல. நல்ல வாசிப்பு, கட்டுக்கோப்பு, ஒரே மாதிரி உடுப்பு. ஊர்வலத்துக்கு அழகுதான். சில ஊர்ல ஊர்வலத்துக்குச் செண்டை, சாமியாட்டத்துக்கு நாங்கன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. அவங்க பத்து பதினஞ்சு பேர் ஒரே கணக்குல போறவங்க. கோமரத்தாடி கால் இடறினா அத்தனை பேரும் சேந்து இடற முடியாதுல்லா.

நாகர்கோவில், ஒரு அம்மா: என் மகள் கரகம் ஆட ஆசைப்படுதா. உங்களை மாதிரிச் செட்டோட அனுப்பலாமா?

ஆடட்டும்மா. ஆனா அனுப்புததுக்கு முன்னால செட்டுக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. துணி மாத்த உள்பக்கம் தாப்பா உள்ள அறை கிடைக்குமா? கக்கூஸ் எங்கன? ஆட்டம் முடிஞ்சா ராத்திரியே வீட்டுக்கு வண்டி உண்டா? இதுக்கு “பாத்துக்கிடலாம்மா”ன்னு பதில் சொன்னா அனுப்பாதீங்க. எங்க செட்டுல ஆடுத ரெண்டு பேரும் அந்த அறையைக் கண்ணால பாத்த பிறகுதான் வண்டியை விட்டு இறங்குவாங்க. ரூபா நோட்டைக் குத்த வாரவன் பக்கத்துல வந்தா நான் கொட்டை நிப்பாட்டிருவேன். சத்தம் நின்னா மொத்தக் கூட்டமும் அவனைத்தான் பாக்கும்.

மகளுக்கு நாயனத்துலயும் ஆசை இருந்தா மதுரை பொன்னுத்தாய் கதையைச் சொல்லுங்க. பொம்பளைங்க தொடாத காலத்துலயே நாதஸ்வரத்தைக் கையில எடுத்தவங்க.

களக்காடு: ராத்திரி பத்து மணிக்கு மேல போலீஸ் விடுதாங்களா?

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்துல பதினஞ்சு நாளுக்கு மிகாம, பன்னெண்டு மணி வரைக்கும் அரசு தளர்த்திக்கிடலாம். சாமக்கொடை தொடங்குததே பன்னெண்டுக்கு! ஊர்க்காரங்க முன்னாலயே ஸ்டேஷன்ல பேசிருவாங்க, குழாயை அவுத்துருவாங்க. நாங்க மைக் இல்லாமக் கொட்டுவோம். மைக் இல்லாத கொட்டுதான் எனக்கும் பிடிக்கும்.

கோவில்பட்டி: காது என்ன ஆச்சு?

கொஞ்சம் போச்சு. பாளையங்கோட்டையில டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டு, கீச்சுச் சத்தம் ரெண்டு காதுலயும் குறைஞ்சிருக்கு, போனது திரும்பாதுன்னார். நான் பஞ்சு வச்சிருந்தேன். பஞ்சு சத்தத்தைத் தடுக்காதாம். இப்போ ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு அடைப்பான் போடுதேன். மச்சினன் சிரிச்சான். போன மாசம் அவனும் வாங்கிட்டான்.

உங்க ஊர்லதான் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிள்ளைக்குச் சிலை இருக்கு. அவரு பிறந்த காருகுறிச்சி எங்க ஊருக்குப் பக்கம். 1964-ல, நாப்பத்து மூணு வயசுலயே போயிட்டார். எங்க நாயனக்காரர் அந்த ஊரை வண்டியில தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழட்டிருவார்.

பேர் வேண்டாம்னு கேட்டவர்: மேளக்காரங்களுக்கு ஊர்கள்ல மரியாதை உண்டா?

கொட்டும்போது உண்டு. கொட்டி முடிச்சா ஊரைப் பொறுத்தது. சாமியே எங்க கொட்டுக்குத்தான் எறங்குதுன்னு சொல்லுவாங்க, சாப்பாட்டுக்கு மட்டும் கடைசிப் பந்தி, அதுவும் கொட்டகைக்குப் பின்னால. எங்க அப்பா ஒண்ணும் பேச மாட்டார். நான் ரெண்டு ஊருக்கு அதுக்காகவே போறதில்ல. மத்த ஊர்கள்ல இப்போ இளவட்டங்க முன்னால வந்து நிக்காங்க, “அண்ணாச்சி, முதல்ல நீங்க உக்காருங்க”ங்காங்க. உக்காந்துருவேன். ஆனா வயிறு நிறையச் சாப்பிட மாட்டேன். தவில் வார் வயித்துல அழுத்தும்.

முக்கூடல், பதினாலு வயசுப் பையனோட அப்பா: கத்துக்கிட எங்கன அனுப்ப?

திருநெல்வேலியில அரசு இசைப்பள்ளி இருக்கு. மூணு வருஷப் படிப்பு. நாதஸ்வரம், தவிலுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும். அங்கன கணக்கு கத்துக்கிடட்டும். லீவுல எங்க கூட வரட்டும், தாளம் போட்டுக்கிட்டுக் காலைப் பாக்கக் கத்துக்கிடட்டும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க.

தாராவி, மும்பை: எங்க கொடைக்கு வருவீங்களா?

ரெண்டு தடவை வந்திருக்கோம். ரயில்ல தவிலுக்கு மேல் பெர்த்து, எனக்குக் கீழ தரை. டிக்கெட்டும் தங்க இடமும் பேசிருங்க, வாறோம்.

பாளையங்கோட்டை: அடுத்து எங்கன கொட்டு?

செவ்வாய்க்கிழமை கொடை, திசையன்விளை பக்கம். திங்கக்கிழமை மூணு மணிக்கு வண்டி வந்துரும். அஞ்சு கூடு செஞ்சு ஜன்னல்ல வச்சிருக்கேன், ரெண்டு இன்னும் காயல.