கொசுவத்துல கொடி நிக்குமா?

அன்புள்ள அக்கா,

நாங்க எடின்பரோ வந்து 13 வருஷம் ஆச்சு. என் பையனோட காலேஜ் பிரண்ட் ஒருத்தன், ஸ்காட்டிஷ் பையன், அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனா என் பையன் நிக்கணுமாம், எல்லாரும் கில்ட் கட்டணுமாம், அதான் ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல கட்டுற கொசுவம் வச்ச கட்டம் போட்ட உடை. ஆன்லைன்ல நம்ம மூவர்ணக் கொடிய பிரிண்ட் போட்ட கில்ட் ஒண்ணப் பாத்துட்டு அதான் வேணும்னு நிக்கிறான், நம்ம நாட்ட விட்டுக்கொடுக்காம அவங்க உடையப் போடுறதுக்கு இதவிட நல்ல வழி இல்லங்கிறான். கொடி மேல உக்காருவியாடான்னு என் வீட்டம்மா கேக்குறாங்க. பக்கத்து வீட்டு ஸ்காட்டிஷ் தாத்தாகிட்ட கேட்டா, எங்க கொடியவே கில்ட்ல போடுறது எனக்குப் பிடிக்காதுன்னுட்டார். பையனோ இந்த ஊர்ல பிரிட்டிஷ் கொடி யூனியன் ஜாக்க டிரஸ்ஸாவே போடுறாங்களே, எனக்கு மட்டும் என்னன்னு கேக்குறான். துணி விஷயமா நீங்க நிறைய எழுதுறதால உங்ககிட்ட கேக்குறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கொடி மேல உக்காருவியாடான்னு உங்க வீட்ல கேட்டாங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. ஆனா மரியாதை மரியாதைன்னு மட்டும் சொன்னா அந்த வயசுப் பையன் கேக்க மாட்டான், அவன் வயசுல நானும் கேட்டிருக்க மாட்டேன், அதனால துணில இருந்தே ஆரம்பிக்கிறேன். நான் குடியாத்தத்துல கைலித் தறிக்கு நடுவுல வளந்தவ, கட்டம் எப்படி விழுதுன்னு பாத்துப் பாத்தே பெரியவளானேன்.

கில்டுக்கு நெய்யுற டார்டன் துணியும் அடிப்படைல கட்டம்தான் தம்பி. நீளவாக்குல ஓடுற பாவுல எந்தக் கலர் எந்த வரிசைல எத்தனை இழை ஓடுதோ பெரும்பாலும் அதே வரிசைதான் குறுக்க ஓடுற ஊடைலயும் வரும், அந்த வரிசைக்கு அவங்க வச்ச பேரு செட். கோடுன்னா நேர்க்கோடு, குறுக்குக்கோடு, அவ்ளோதான். இப்ப ஸ்காட்லாந்துக் கொடி சால்டயர நினைச்சுப் பாருங்க, நீலத்துல மூலைக்கு மூலை வெள்ளைச் சிலுவை, அந்தச் சாய்கோட்ட டார்டன் கட்டத்துல கொண்டுவர வழியே கிடையாது. தறில படம் நெய்யுற ஜக்கார்டு கருவி மாட்டினா நெய்யலாம், நம்ம பட்டுப்புடவைல மயிலும் அன்னமும் வர்ற மாதிரி, ஆனா அதுக்குப் பேரு டார்டன் இல்ல. அதான் கொடி கில்ட்னாலே பெரும்பாலும் பிரிண்ட் அடிச்ச துணியா இருக்கு. அந்தத் தாத்தாவுக்கு அதப் பாத்தவுடனே மனசு ஒட்டாம போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

அப்புறம் கொசுவம். முழு கில்டுக்கு 8 கஜம்னு கணக்கு, நம்ம பாட்டிங்க கட்டின ஒன்பது கஜத்துக்கு ஒரு கஜம்தான் கம்மி. முன்னாடி மட்டும் தட்டையா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், மிச்சத் துணி பூரா பின்னாடி கொசுவத்துல போயிடும், அந்தக் கொசுவத்த வைக்கிறதுலதான் தைக்கிறவங்களோட மொத்தத் திறமையும் இருக்கு. கொசுவம் வச்ச பிறகும் கட்டம் உடையாம, முன்னாடி பாத்த அதே டிசைன் பின்னாடியும் தெரியற மாதிரி அளந்து அளந்து மடிக்கிறது ஒரு முறை, ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவுல ஒரே கோடு வந்து நிக்கிற மாதிரி மடிக்கிறது இன்னொரு முறை, இத ராணுவ ரெஜிமெண்டுங்ககிட்ட பாக்கலாம், நடக்க நடக்க மடிப்பு விரிஞ்சு உள்ள இருக்குற கலர் தெரிஞ்சு தெரிஞ்சு மறையும், அவ்ளோ அழகு. கட்டம் திரும்பத் திரும்ப வர்றதாலதான் இந்த வேலையெல்லாம் பண்ண முடியுது. கொடி ஒத்தைப் படம், இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் முழுசாத் தெரிஞ்சாத்தான் அது கொடி. அதக் கொசுவத்துல மடிச்சா அசோகச் சக்கரத்துல நாலு ஆரம் வெளில, இருபது ஆரம் உள்ள. சரி, முன்பக்கம் தட்டைதானே, அங்க மட்டும் வரட்டும்னு உங்க பையன் சொல்லலாம். முன்னாடி நடுவுல ஸ்போரன்னு தோல் பை ஒண்ணு தொங்குமில்ல, அது நேரா சக்கரத்து மேலதான் வந்து விழும்.

சட்டத்தையும் சொல்லிடுறேன். தேசிய சின்னங்கள அவமதிக்கிறதத் தடுக்கிற நம்ம 1971 சட்டத்த 2005ல திருத்தினாங்க. இடுப்புக்குக் கீழ போடுற எதுலயும் கொடி வரக்கூடாது, குஷன், கைக்குட்டை, நாப்கின், உள்ளாடை, எந்த உடைத் துணியிலயும் எம்ப்ராய்டரியாவோ பிரிண்டாவோ போடக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு, மீறினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். எடின்பரோல அந்தச் சட்டம் உங்க பையனப் பிடிக்கப் போறதில்ல. ஆனா நம்ம நாட்டுக்காகப் போடுறேன்னு சொல்றவன், நம்ம நாடு அந்தக் கொடிய எங்க வைக்கச் சொல்லியிருக்குன்னும் பாக்கணும், இத அவன்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

யூனியன் ஜாக் பத்தி அவன் சொன்னது வாஸ்தவம்தான். அறுபதுகள்லயே லண்டன் கார்னபி ஸ்ட்ரீட்ல அந்தக் கொடிய கோட்டாவும் சட்டையாவும் போட ஆரம்பிச்சுட்டாங்க, 1997 பிரிட் அவார்ட்ஸ் இசை விழாவுல ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக் குழுவோட ஜெரி ஹாலிவெல் போட்ட டிரஸ் யூனியன் ஜாக் போட்ட டீ டவல வச்சுத் தச்சது, அத யாரும் குத்தமா எடுத்துக்கல. ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு வாழ்க்கை. அதே ஸ்காட்லாந்துல சிவப்புச் சிங்கம் நிக்கிற மஞ்சள் கொடி இருக்கே, லயன் ராம்பண்ட், அது ராஜ குடும்பத்துக் கொடி, இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது, 1672லயும் 1867லயும் போட்ட சட்டங்க இன்னும் இருக்கு. 1978ல ஒரு துணி வியாபாரி அத பெட் கவர்ல போட்டு வித்ததுக்கு, நிறுத்துற வரைக்கும் நாளுக்கு 100 பவுண்டு அபராதம் போட்டாங்க. அமெரிக்கால கொடிய உடையாப் போடக்கூடாதுன்னு ஃப்ளாக் கோடுங்கிற கொடி விதிகள்லயே எழுதியிருக்கு, ஆனா அதுக்கு தண்டனை கிடையாது, ஜீன்ஸ் பின்பக்கத்துல சின்னக் கொடி ஒண்ணத் தச்சுக்கிட்டதுக்காக மாசச்சூசெட்ஸ்ல ஒருத்தருக்கு அந்த மாநிலச் சட்டத்துல 6 மாசம் ஜெயில் போட்டாங்க, 1974ல சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தண்டனை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சவுதிக் கொடில கலிமா எழுதியிருக்கு, 2007ல ஆப்கானிஸ்தான்ல அமெரிக்க ராணுவம் பிள்ளைங்களுக்குக் கொடுத்த ஃபுட்பால்ல அந்தக் கொடியும் இருந்துச்சு, புனித வார்த்தைய எப்படி உதைக்கிறதுன்னு ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. அதனால அந்தக் கொடியப் போட்டாங்களே, இதப் போட்டா என்னங்கிறது எனக்கு சரியாப் படல, எந்த ஊர்க் கொடிக்கு அந்த ஊர்க்காரங்க என்ன இடம் கொடுத்திருக்காங்கங்கிறதத்தான் முதல்ல பாக்கணும்.

துணில கொடியே வரக்கூடாதுன்னு நான் சொல்லல தம்பி. விளையாட்டு வீரர் நெஞ்சுல சின்னதா வர்றது எனக்கு சந்தோஷம்தான். ஸ்காட்லாந்து ஃபுட்பால் மேட்சுக்குப் போற டார்டன் ஆர்மிங்கிற ரசிகர்கள் இடுப்புல டார்டன் கில்ட், தோள்ல முழு சால்டயர்னு வருவாங்க, உங்க ஊர்லயே பாத்திருப்பீங்க, அவங்க கொடிக்கு அந்த இடம் பொருத்தமா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு.

உங்க பக்கத்து வீட்டுத் தாத்தா பேச்ச வேற ஒரு காரணத்துக்காகவும் நான் தள்ள மாட்டேன். 1746 ஏப்ரல்ல கல்லோடன் போர்ல ஸ்காட்லாந்தோட மலைநாடான ஹைலண்ட்காரங்க நிறைய பேர் இருந்த கலகப் படை அரசாங்கப் படைகிட்ட தோத்த பிறகு, ஸ்காட்லாந்துல ஆம்பளைங்க, சின்னப் பசங்க யாரும் கில்ட் கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, ராணுவத்துல சேந்தவங்களுக்கு மட்டும் விலக்கு. முதல் தடவை பிடிபட்டா 6 மாசம் ஜெயில், ரெண்டாவது தடவைன்னா 7 வருஷம் நாடுகடத்தல், 1782லதான் அந்தச் சட்டம் போச்சு. ஒரு வேட்டி கட்டினதுக்குக் கடல் தாண்டி அனுப்புறதுன்னா என்னன்னு யோசிங்க. இந்தந்தக் குலத்துக்கு இந்தந்த டார்டன்னு இப்ப பேசுறது பெரும்பாலும் அதுக்கப்புறம் வந்தது, 1822ல நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தப்போ எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்ன நின்னு எல்லாரையும் டார்டன்ல வரச்சொன்னார், அதுலதான் பெருசாப் பரவுச்சு. அதனால பழமைங்கிற வாதத்த நான் பிடிச்சுக்கல. தடை போட்டுப் பாத்த உடை அது, தன் ஊரச் சொல்ல அதுக்குத் தன் கட்டமே போதும், மேல ஒரு படத்த ஒட்டித்தான் சொல்லணும்னு இல்ல.

உங்க பையனுக்கு நான் சொல்ல நினைக்கிறது இதுதான். கொடியோட படத்த விட்டுட்டு அந்த நிறத்த நூலா எடுக்கட்டும். கனடாக்காரங்க 1964ல, கொடி எப்படி இருக்கணும்னு அவங்க நாட்டுல பெரிய சண்டை நடந்துட்டிருந்த அதே வருஷம், மேப்பிள் லீஃப் டார்டன் பண்ணாங்க, அதுல இலையே கிடையாது, பச்சை, தங்கம், சிவப்பு, பழுப்புன்னு வருஷம் பூரா இலை மாறுற நிறம் மட்டும்தான். 2011ல அது அதிகாரப்பூர்வ தேசிய சின்னமாவே ஆயிடுச்சு. நம்மளும் காவி, வெள்ளை, பச்சை, சக்கரத்து நீலம்னு 4 நூல் எடுத்தா, ஒவ்வொண்ணும் தன்னோடயும் மத்த மூணோடயும் குறுக்க விழுந்து 10 நிறம் வரும். காவி பச்சையோட கலக்குற இடம், வெள்ளையோட கலக்குற இடம், நீலம் ஊடுற இடம், இத நினைச்சாலே எனக்குக் கை பரபரங்குது, எங்கப்பா இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரியே பாவு ஓட்டிப் பாத்திருப்பார். கொடில மூணு பட்டையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஒண்ணோட ஒண்ணு கலக்காது, டார்டன்ல எல்லாக் கலரும் எல்லாக் கலரோடயும் கலந்தாகணும், அதுதான் அதோட நெசவு. ஸ்காட்லாந்துல 2009ல இருந்து அரசாங்க டார்டன் பதிவேடு ஒண்ணு இருக்கு, யார் வேணும்னாலும் புது டார்டன் விண்ணப்பிக்கலாம், உங்க பையன் டிசைன் பண்ணி அதுல பதியட்டுமே.

கல்யாணம் எந்த மாசம்னு நீங்க எழுதல. புது டார்டன் நெய்து அதக் கில்ட்டாத் தைக்கிறதுக்கு நாள் பிடிக்கும், அவசரப்பட்டா கெட்டுடும். நாள் இல்லன்னா மாப்பிள்ளை வீட்டு டார்டன்லயே வாடகைக்கு எடுத்துக் கட்டட்டும், அது அந்த நண்பனுக்குச் செய்யுற மரியாதை, கோட்டுல இடது பக்கம் நெஞ்சுக்கு மேல நம்ம கொடி சின்ன பின்னா குத்திக்கட்டும். டிசைன் பண்றான்னா ஒண்ணு மட்டும், காவிய ஆரஞ்சாப் போட்டுடப் போறான், சாயம் போடுறவங்ககிட்ட முதல்ல ஒரு சாம்பிள் இழை கேக்கச் சொல்லுங்க, பகல் வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு எனக்கும் போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா